வேலாயி காத்திருந்த குமிழி

அந்தமானில் பாராடாங் தீவின் சேற்று எரிமலையைப் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "இவ்வளவுதானா?" நெருப்பை எதிர்பார்த்து மேடேறி வந்தவர்களுக்கு மூங்கில் வேலியும், அதற்குள் சாம்பல் நிறச் சேறும், அதில் எப்போதாவது எழும் ஒரு குமிழியும் கிடைத்தால் வேறென்ன கேட்பார்கள்? அந்த வேலியோரம் வேலாயி இளநீர் விற்றாள். ஏமாந்தவர்களுக்குத் தாகம் எடுப்பதில்லை என்பது அவள் வியாபாரத்தில் கண்ட உண்மை.

அவளுடைய பழைய இடம் கீழே, ஜீப்புகள் வந்து நிற்கும் இடத்தில். நிக்கோபாரின் கட்சால் தீவில் ரப்பர் பால் எடுத்துக்கொண்டிருந்தவள், சுனாமியில் வீடு போனபின் இங்கே வந்து, வெட்டுக்கத்தியோடு உட்கார்ந்து பிடித்த இடம். ஜீப்காரர்களுக்குத் தலைவனான முத்துகிருஷ்ணனின் மச்சானுக்குக் கூல்டிரிங்ஸ் கடை போடும் ஆசை வந்தது. அன்றோடு அவள் இடம் போயிற்று. வண்டி நிறையப் பயணிகள் பார்த்திருக்க முத்துகிருஷ்ணன் வந்து நின்றான்.

"ஏ, ஜகா காலி பண்ணு. சிலோன்காரிக்கு இங்க என்ன வேலை?"

சிலோனிலிருந்து கட்சால் தோட்டத்துக்கு வந்தவர்கள் அவளைப் பெற்றவர்கள். வேலாயி சிலோனைக் கண்ணால் கண்டதில்லை, பிறந்ததே கட்சாலில். முத்துகிருஷ்ணன்தான் தூத்துக்குடியிலிருந்து நேற்று வந்தவன். தீவுகளில் யார் அந்நியர் என்று முடிவுசெய்யும் உரிமை பெரும்பாலும் கடைசிக் கப்பலில் இறங்கியவருக்கே போய்ச்சேர்கிறது.

பயணிகள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை அவனிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும், அதேபோல ஆட்கள் முன்னால். வேலாயிக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை. "விடு புள்ள" என்றான் அவள் புருஷன் ராக்கப்பன். அவன் எதையும் விட்டுவிடுகிறவன், தூண்டிலில் மாட்டிய மீன் உட்பட.

மேட்டில் வியாபாரம் இல்லாததால் அவள் சேற்றைப் பார்த்தாள். மழைக்காலத்தில் அது கஞ்சிபோல் நெகிழ்ந்து கிடக்கும். வாயு வந்த கையோடு பொடிப்பொடியாக வெளியேறிவிடும், யாருக்கும் தீங்கில்லை. வெயில் ஏறிச் சேறு களியாக இறுகினால் கதையே வேறு. களியைப் பிளந்துகொண்டு ஏறச் சின்னக் குமிழிக்குத் தெம்பில்லை. பாதியில் மாட்டிக்கொண்டு கிடக்கும். பின்னால் வருவது அதோடு ஒட்டும், அதற்கும் பின்னால் வருவது இன்னும் கொஞ்சம். அளவு மீறியதும் எல்லாம் ஒரே உடம்பாகக் கிளம்பும். மேல்சேறு பூரிபோல் உப்பும், அதன் தோல் மெலிந்து பளபளக்கும், உடையும்.

அவளுக்கு ரொம்பப் பிடித்தது அதற்கப்புறம் நடப்பது. பெரியது ஏறிய தடத்தில் களி தளர்ந்துபோயிருக்கும். பின்னால் வரும் குமிழி அந்த வழியில் முன்னதைவிட வேகமாக ஓடிவரும். முதலாவதற்குப் பயந்து விலகியவன், ஆச்சு என்று நினைத்துக் குனிந்தால், இரண்டாவது அவன் முகத்துக்கு.

மழை விட்டது. வெயில் காய்ந்தது. ஒருநாள் வீடியோ எடுக்கும் கூட்டம் ஒன்றை முத்துகிருஷ்ணனே அழைத்துவந்தான், சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில். சேற்றின் ஒரு வாய் அப்போதுதான் உப்ப ஆரம்பித்திருந்தது.

"பாபு, அங்க நின்னா நெழல் விழுது. இங்கன வந்தா மூஞ்சி பளிச்சுனு தெரியும்" என்றாள் வேலாயி.

"அரே, மேட்டுக்கு வந்ததும் மரியாதையெல்லாம் வருதே!" என்றபடி அவன் வேலியைத் தாண்டினான்.

முதல் குமிழி வெடித்தது. துள்ளி விலகியவன் கேமராவைப் பார்த்துச் சிரித்தான். "பாத்தீங்களா, ஒண்ணும் பண்ணாது. குழந்தை மாதிரி" என்று சொல்லிச் சேற்றைத் தொட்டுக்காட்டக் குனிந்தான். அவன் வாய் திறந்திருந்தது. மிச்சத்தை இரண்டாவது குமிழி பார்த்துக்கொண்டது.

சிரிப்பு கீழே ஜீப் வரைக்கும் கேட்டது. வேலாயி அன்று இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள்.

அவளுடைய கஷ்டம் அதற்குப்பின் தொடங்கியது. அந்த வீடியோ மெயின்லேண்ட் முழுக்கப் பரவியது. முத்துகிருஷ்ணன் 'சேறண்ணா' ஆனான். அவனோடு படமெடுக்கவே ஜீப் ஜீப்பாக ஆட்கள் வந்தார்கள். அவனும் தினம் ஒரு வெள்ளைச் சட்டையில் மேடேறினான். இளநீர் மதியத்துக்குள் தீர்ந்துபோயிற்று. தன் பழிவாங்கலால் எதிரி புகழடைந்தது ஒரு எரிச்சல். அதில் தனக்கும் லாபம் வந்தது அதைவிடப் பெரிய எரிச்சல்.

ஆனால் குமிழி அவன் சௌகரியத்துக்கு வரவில்லை. சட்டை வெள்ளையாகவே திரும்பியது, கூட்டம் முணுமுணுத்தது. கடைசியில் அவன் வேலாயியிடம் வந்தான்.

"அக்கா, எது எப்ப வெடிக்கும்னு ஒங்களுக்குத் தெரியுமாமே? கொஞ்சம் சொல்லுங்க. மச்சான அனுப்பிர்றேன், கீழ ஒங்க எடத்துக்கே வந்துருங்க."

"எடத்த நாளைக்குப் பாப்போம். இப்ப கேட்டத எல்லாருக்கும் கேக்கற மாதிரி கேளு."

அவன் கூட்டத்தைப் பார்த்தான். தொண்டையைச் செருமினான். "வேலாயி அக்கா, நான் எங்க நிக்கணும்?"

"ஜோரா. கடைசி ஆளுக்கும் கேக்கணும்."

"அக்கா! நான் எங்க நிக்கணும்?"

வேலாயி ஓரத்திலிருந்த ஒரு வாயைக் காட்டினாள். "அந்தா. நல்லா குனிஞ்சுக்க. மூஞ்சி கிட்டக்க இருக்கணும். அசையக்கூடாது, அசைஞ்சா உள்ள போயிரும்."

அவன் குனிந்தான். உச்சி வெயில் முதுகில் இறங்கியது. கைப்பேசிகளைத் தூக்கிப் பிடித்திருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கையைத் தாழ்த்தினார்கள். ஒரு குழந்தை, "அந்த அங்கிள் எதத் தேடுறாரு?" என்றது. முதல் சிரிப்பு அங்கிருந்துதான் கிளம்பியது.

"அக்கா... வருமா?"

"வரும் பாபு. பெருசா வருது, அதான் லேட்டு."

ராக்கப்பன் அவள் காதருகே வந்தான். "அது போன வருசமே செத்துப்போன வாயில்ல?"

வேலாயி ஒரு இளநீரைச் சீவி அவன் கையில் திணித்தாள். தனக்கும் ஒன்று சீவிக்கொண்டு, நிழலில் வசதியாக உட்கார்ந்தாள்.