கறுப்பு வயரும் அபிஷேகமும்

மலேசியாவில், ஈஜோக் பக்கம் செம்பனை எண்ணெய் ஆலையில் இருபது வருடம் வயரிங் வேலை பார்த்தவன் நான். அந்தத் திமிரில் செய்த காரியத்தை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

எங்கள் கிறிஸ்தவ சபைக்கு அமெரிக்காவிலிருந்து பழைய ஆர்கன் ஸ்பீக்கர் ஒன்று வந்தது. அலமாரி அளவுப் பெட்டி. உள்ளே மோட்டார் சுற்றச் சுற்ற ஒலியும் சுழன்று வரும். அதற்கு 110 வோல்ட் கொடுக்க ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வைத்தேன். உள்ளே ஒரு கறுப்பு வயர் உறை வெடித்து, பெட்டியின் பின்பக்க இரும்புத் தகட்டில் உரசிக்கொண்டிருந்தது.

"டேப்பாவது சுத்துங்களேன்" என்றாள் என் மனைவி ஃபிலோமினா.

"சிவப்புதான் கரண்டு வர்ற லைன். கறுப்பு நியூட்ரல் லா, தொட்டாலும் ஒன்னும் செய்யாது." எர்த்தும் போடவில்லை.

ஞாயிறு ஆராதனையில் ஃபிலோமினா ஆர்கன் வாசித்தாள். பெருமை தாங்காமல், துடைத்த ஈரத் தரையில் வெறுங்காலோடு போய்த் தகட்டில் கை வைத்தேன். உடம்பெல்லாம் உதறியது. வாயில் வந்தது எந்த மொழியென்று எனக்கே தெரியவில்லை.

"பரிசுத்த ஆவியோட அபிஷேகம் இறங்கிடுச்சு! அந்நிய பாஷை பேசுறாரு! ஸ்தோத்திரம்!" சபையே கைதட்டியது. பாஸ்டர் ஓடிவந்து என் தலையில் கை வைத்தார். அடுத்த நொடி அவரும் துள்ளினார்.

"ஐயோ, கரண்டு லா! ஆஃப் பண்ணுங்க!" என்று அலறினார்.

ஃபிலோமினாதான் பிளக்கைப் பிடுங்கினாள். அமெரிக்க வயரிங்கில் கறுப்புதான் லைன் என்பது பிறகுதான் தெரிந்தது.

இப்போது நான் நிறத்தை நம்புவதில்லை. பழைய வயரை மாற்றி, எர்த் கொடுத்து, மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே எதையும் தொடுகிறேன். பாஸ்டரும் மாறிவிட்டார். யாருக்கு அபிஷேகம் இறங்கினாலும் முதலில் பிளக்கைப் பார்க்கிறார். அப்புறம்தான் தலையில் கை வைக்கிறார்.