பிஸ்தாத் தோட்டத்துக் கும்பநீர்

லண்டனின் தோர்ண்டன் ஹீத்தில் இருக்கும் ஒரு கிழவனைப் பதிகம் பாடுவதற்கென்று கலிபோர்னியாவின் உள்நாட்டுப் பாலைநிலம் வரைக்கும் அழைக்கிறார்கள் என்றால், அது பெருமைக்குரிய செய்தியாகத்தான் முதலில் தோன்றும். எனக்கும் தோன்றியது. அழைத்தவள் என் தங்கை. கணவர் காலமான பின்பு லண்டன் வீட்டை விற்றுவிட்டு மகனோடு இருக்கப் போனவள். அந்த மகன், என் மருமகன், கணினி வேலையில் ஈட்டியதையெல்லாம் ஒரு பிஸ்தாத் தோட்டத்தில் போட்டிருந்தான். தோட்டத்தின் பழைய கிணற்றில் நீர் கீழே போய்விட்டது. அதைவிடப் பன்மடங்கு ஆழத்துக்குக் குழாய்க்கிணறு ஒன்று புதிதாகத் துளைத்திருந்தார்கள்.

"அண்ணை, நீங்கள் வந்து மழைப் பதிகம் பாடினாத்தான் மோட்டரைப் போடுறது எண்டு சொல்லிப்போட்டன்" என்றாள் தொலைபேசியில். "ஐயர் ஆரையும் பிடிக்கலாம். உங்கட குரலுக்கு எங்க போறது?"

வெள்ளிதோறும் கோயிலில் பாடுகிறவன் நான். நீரும் இறைவனுடைய திருமேனிகளுள் ஒன்று என்று ஓதியே தலை நரைத்தவன். மண்ணுக்குள் மறைந்திருக்கும் அந்த மேனி வெளிப்படுகிற வேளையில் முன்னின்று பாடுவதைப் பேறாகவே கருதினேன். மழைப் பதிகத்துக்குரிய மேகராகக்குறிஞ்சி என்ற பண்ணை ஒரு மாதம் வீட்டில் பழகிக்கொண்டு புறப்பட்டேன்.

ஊர் வருவதற்கு முன்பே அதன் நாற்றம் வந்துவிட்டது. அறுவடைக் காலம். பிஸ்தாக் கொட்டையின் மேலே மாம்பழத் தோல் போன்ற ஒரு தோல் உண்டு. ஆலைகள் அதை உரித்து வெளியே கொட்டுகின்றன. குன்று குன்றாகக் கிடந்து வெயிலில் புளித்து, ஈ மொய்த்து, கறுத்த சாறாக வழிகிறது. காரின் கண்ணாடிகளை ஏற்றிய பின்பும் மூக்கை விட்டு அது அகலவில்லை. "காசு மணக்குது மாமா" என்றான் மருமகன், சிரித்துக்கொண்டே.

ஊரின் வாசலில் தண்ணீர்த் தொட்டி ஒன்றை வாய் பிளந்த பிஸ்தாக் கொட்டையின் வடிவில் கட்டிப் பச்சை பூசி நிறுத்தியிருக்கிறார்கள். அதன் காலடியில் மக்கள் வரிசையில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். பக்கத்துக் கடையில் மிளகாய் போட்டது, வெங்காயம் போட்டது, பன்றிக் கொழுப்பின் வாசனை ஏற்றியது என்று அந்தப் பருப்பையே நூறு கோலத்தில் கெடுத்து வைத்திருந்தார்கள். ஒன்றும் சேர்க்காத வெறும் பருப்பு வேண்டுமென்று கேட்டேன். கடைப்பெண் உள்ளே போய்த் தேடிவிட்டு, இல்லை என்று வந்தாள்.

ஊரைத் தாண்டினால் ஒரு பக்கம் கண்ணெட்டும் மட்டும் பச்சை மரங்கள். சாலையின் மறுபக்கம் புல்கூட முளைக்காத வெளிறிய மண். நடுவே ஒரு தார்ச்சாலையின் அகலந்தான். தோட்டத்தில் ஓர் இயந்திரம் மரத்தின் அடியை இடுக்கியால் பற்றி உலுக்கியது. சில நொடிகளில் மரம் கொண்டிருந்த அத்தனையும் கீழே விரித்த தட்டில் விழுந்தது. எழுந்த புழுதியில் மூச்சு முட்டியது. மருமகன் ஒரு காயை எடுத்து உரித்து, "பிறெஷ்ஷாச் சாப்பிட்டுப் பாருங்கோ" என்று நீட்டினான். பருப்பைக் குடைந்துகொண்டு ஓர் இளஞ்சிவப்புப் புழு நெளிந்தது. அவன் அதைச் சுண்டி எறிந்துவிட்டு இன்னொன்றை உரித்தான். நான் வாங்கவில்லை.

சாலைக்கு அப்பால், அந்த வெளிறிய மண்ணில், தகரக்கூரை போட்ட சிறுவீடு ஒன்று தனியே நின்றது. முற்றத்தில் பெரிய கறுப்புத் தண்ணீர்த் தாங்கி.

"உது ஆரின்ர வீடு?" என்று கேட்டேன்.

"ஒரு மெக்சிக்கன் மனிசி, புருசன் படுத்த படுக்கை. அவையின்ர கிணறு வத்திப்போச்சு. கிழமைக்கு ஒருக்கா அரசாங்க லொறி வந்து தாங்கியை நிரப்பிப்போட்டுப் போகும்."

"ஏன் வத்தினது?"

"மழை இல்லைத்தானே மாமா" என்றான். சொல்லும்போது அவன் கண் என்னைப் பார்க்கவில்லை; புதுக் கிணற்றின் இரும்புக் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை நான் நீராடி, நீறணிந்து கிணற்றடிக்கு வந்தபோது கும்பம் வைத்தாகியிருந்தது. பித்தளைக் குடம், தேங்காய், மஞ்சள் நூல் எல்லாம் முறைப்படி. இலை மட்டும் வேறாக இருந்தது.

"மாவிலை கிடைக்கேல்லை அண்ணை. பிஸ்தா இலைதான் வைச்சனான்" என்றாள் தங்கை.

"ரெண்டும் ஒரே குடும்பம் மாமா. ஒண்டுக்குள்ள ஒண்டு. கடவுள் கண்டுபிடிக்கமாட்டார்" என்றான் மருமகன். தோட்டத்தில் அவனோடு பங்கு போட்டவர்களும் அவர்களின் மனைவியரும் சிரித்தார்கள். நான் பொறுத்துக்கொண்டேன். அமர்ந்து தாளத்தைக் கையில் எடுத்தேன்.

அப்போது சாலையைக் கடந்து அந்த வீட்டு மூதாட்டி வந்தாள். காலில் துணிச் செருப்பு. கோபமாக வரவில்லை. கும்பத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, உடைந்த ஆங்கிலத்தில் மருமகனிடம் மெல்லக் கேட்டாள்: நாளைக்கும் எடுப்பீர்களா? லொறி வெள்ளிக்கிழமைதான் வரும். கணவரைத் துடைத்துவிடுவதற்கு இன்று எவ்வளவு செலவழிக்கலாம் என்று தெரிந்துகொள்ள வந்தேன். கேட்டிருந்தால் நானே ஊற்றித் தந்திருப்பேன்.

எனக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது. கும்பத்துக்கு வீட்டுக் குழாய்நீர் ஆகாது, பழைய கிணற்றின் நீர் உப்பும் கந்தக நாற்றமுமாக இருக்கிறது என்று தங்கை விலக்கியிருக்கிறாள். போத்தல் தண்ணீர் எந்தக் கை பட்டதோ என்று அதையும் தள்ளியிருக்கிறாள். நல்ல தண்ணீர் வேண்டுமென்று அவள் நின்ற பிடிவாதத்துக்கு, மருமகன் விடியற்காலையில் குடத்தோடு சாலையைத் தாண்டி, அந்தத் தாங்கியின் குழாயைத் திறந்து பிடித்து வந்திருக்கிறான். ஆசாரம் காக்கப்பட்டது. எங்கள் ஆட்களால் மட்டுமே செய்யக்கூடிய காரியம் இது: தீட்டுக்கு அஞ்சுவோம், திருட்டுக்கு அஞ்சமாட்டோம்.

"ஒரு குடந்தானே. இண்டைக்கு நாலு பெட்டி தண்ணிப் போத்தல் வாங்கிக் குடுத்துவிடுறன்" என்றான் அவன். அந்த மூதாட்டியைப் பார்த்துப் பல் தெரியச் சிரித்து ஏதோ சொன்னான். அவள் தலையசைத்துத் திரும்பிப் போனாள்.

தாளத்தைக் கீழே வைத்தேன்.

"என்ன அண்ணை, நேரம் போகுது. பாடுங்கோ."

"கும்பத்தில இருக்கிறது ஆரின்ர தண்ணி, பிள்ளை?"

தங்கை குரலைத் தாழ்த்தினாள். "எல்லாத் தண்ணியும் ஆண்டவன்ரதானே. நீங்கள்தானே வாழ்நாள் முழுக்கப் பாடுறனீங்கள். இப்ப வந்து கணக்குப் பார்க்கிறியளே?"

அதைப் போல் அருவருப்பான ஒரு சொல்லை நான் கேட்டதில்லை. வசையாக இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். நான் கண்ணீர் மல்க ஓதுகிற பொருளையே எடுத்து, களவுக்குப் போர்வையாகப் போர்த்திவிட்டாள். அவள் சொன்னதில் பிழை சொல்லவும் முடியவில்லை. எல்லா நீரும் அவனுடையதே. அதனால்தான் அந்தக் குடத்து நீரின் முன்னால் என் வாய் திறக்கவில்லை.

"ஏலாது" என்றேன்.

"ஏலாதோ? லண்டனில இருந்து ரிக்கெற் போட்டு வந்து ஏலாதோ?"

"இந்தக் கிணறு திறந்தால் அந்த மனிசியின்ர கிணத்துக்கு இனித் தண்ணி திரும்பாது. அதுக்கு என்னைப் பாடச் சொல்லாத."

மருமகன் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தான், சற்றுத் தேடினான், யாரோ ஒருவர் வாத்தியங்களோடு பாடிய பதிகம் அதிலிருந்து கிளம்பியது. நடுவில் ஒரு விளம்பரம் வந்தது. அது முடியும் வரைக்கும் எல்லோரும் கைகூப்பியபடியே காத்து நின்றார்கள். பின்பு தங்கை கற்பூரம் காட்டினாள், மோட்டரைப் போட்டார்கள். முதலில் இருமல் போல ஒரு சத்தம். அதன்பின் இளஞ்சூடான கலங்கல் நீர், அழுகிய முட்டையின் வாடையோடு பீறிட்டு வந்தது. அனைவரும் கைதட்டினார்கள். அந்த நீரில் கால் நனைத்துக்கொண்டார்கள். கும்பநீரைத் தங்கை மாவிலைக்குப் பதிலாக வைத்த இலையால் இயந்திரத்தின் மேல் தெளித்தாள். மிச்சத்தைக் குழாயின் அடியில் கவிழ்த்தாள். மண் அதை உடனே குடித்துவிட்டது.

மாலையில் ஊருக்குள் போய்க் குடிநீர்ப் போத்தல்கள் வாங்கிக்கொண்டு அந்த வீட்டுக் கதவைத் தட்டினேன். மூதாட்டி திறந்தாள். உள்ளே மருந்து வாடையும் வியர்வை வாடையும் கலந்து கிடந்தன. போத்தல்களை வாங்கி வைத்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டாள்: புதுக் கிணறு எவ்வளவு ஆழம்? மருமகன் சொன்ன அளவைச் சொன்னேன். அவள் வாய்க்குள் அதைத் தன் மொழியில் மாற்றிச் சொல்லிப் பார்த்தாள். பிறகு நன்றி என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

லண்டன் திரும்பிய பின்பு தங்கை பல மாதங்கள் பேசவில்லை. போன கிழமை, தோர்ண்டன் ஹீத் ஸ்ரேஷனுக்கு எதிரே பஸ்ஸுக்கு நின்றபோது அழைத்தாள். குரலில் பழைய இனிமை.

"அண்ணை, பழசுகளை மறந்திடுங்கோ. ஒரு நல்ல செய்தி. முன்வீட்டு மனிசன் செத்துப்போனார். தண்ணியில்லாத வீட்டில தனிய இருக்க ஏலாதெண்டு அந்த மனிசி விக்கப்போறா. தண்ணியில்லாத காணிதானே, நல்ல மலிவு. மகன் பேசி முடிச்சிட்டான். எங்கட கிணத்தில இருந்து குழாய் இழுத்தால் அங்கயும் மரம் வைக்கலாமாம்."

பஸ் வருகிறதா என்று சாலையைப் பார்த்தேன்.

"மரம் வைக்கிறதுக்கு ஒரு நல்ல நாள் பார்த்துச் சொல்லுங்கோவன். இந்த முறை கும்பத்துக்கு எங்கட சொந்தத் தண்ணிதான். தண்ணியை வடிக்கப் பில்டர் பூட்டியாச்சு. நீங்கள் ஒரு குறையும் சொல்ல ஏலாது."

பஸ் வந்து கதவு திறந்தது. ஏறினேன். அவள் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தாள். நாள் கேட்டாள், பிறகு நேரமும் கேட்டாள். "நாள் இல்லை" என்று சொல்லிப் போனை அணைத்தேன்.