தேவானையின் பார்வை

ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தை நடத்து என்பார்கள். எங்கள் மயிலாப்பூரில் அதில் பாதிப் பொய்யைச் சொன்னவர் கச்சேரி ரோட்டில் ஸ்டூடியோ வைத்திருந்த பொன்னுரங்கம். வரன் பார்க்க அனுப்பும் படத்தில் அவர் பென்சில் பட்டால் அம்மைத் தழும்பு மறையும், மாறுகண் நேராகும். "பொண்ணப் பெத்தவங்க வயித்துல பால வாக்கறேன், தப்பா?" என்பார். தப்பே இல்லை. என் மூக்கை எடுப்பாக்கியவரும் அவர்தான். என் வீட்டுக்காரர் இன்றும் அதைச் சொல்லிக் காட்டுகிறார்.

1994இல் ஒரு காலை, நொச்சிக்குப்பத்து மீனவர் சேட்டு வந்து நின்றார். மனைவி தேவானை விடிகாலையில் இறந்திருந்தாள்.

"ஒரு போட்டோகூட இல்ல நைனா. காரியத்துக்கு மாலை போட ஒண்ணு வோணும்."

குப்பத்துக்குப் போய், நாற்காலியில் உட்காரவைத்த உடலைப் பொன்னுரங்கம் படம் எடுத்தார். அப்படிப்பட்ட படங்களில் மூடிய கண்ணைத் திறந்ததுபோல வரைவது அவருக்குக் கைவந்த வேலை. தேவானைக்கு நீளமாக, அழகாக இரண்டு கண்கள் வரைந்தார்.

படத்தை வாங்கிப் பார்த்த சேட்டு, "யார் நைனா இது?" என்றார்.

"உன் சம்சாரந்தாம்பா."

"மூஞ்சி அவுளுதுதான். கண்ணு யாருது? அவுளுக்கு மாறுகண்ணு நைனா. அவ என்னப் பாத்தா, எதுருல கீறவன் தன்னத்தான் பாக்குறாள்னு நெனப்பான். அதுக்கு வெக்கப்பட்டுக்கினுதான் போட்டோவே எடுத்துக்கல." படத்தைத் திருப்பி நீட்டினார். "இத்த மாட்டிவெச்சா, எவளுக்கோ நான் சூடம் காட்டணும்."

பொன்னுரங்கத்துக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. சேட்டு முகத்தைப் பார்த்ததும் வந்த வழியே போனது.

"எந்தக் கண்ணு?"

"எடது. காதுப் பக்கமா போவும்."

மறுபடி பிரிண்ட் போட்டு உட்கார்ந்தார். கண்ணை நேராக்கியே பழகிய கை, கோணலாக்க வரமாட்டேன் என்றது. "ஒரு பொம்பளை மூஞ்சியக் கெடுக்கிறோமேன்னு கூசிச்சும்மா" என்று பிற்பாடு என்னிடம் சொன்னார். இரண்டு மூன்று படங்கள் வீணான பிறகுதான் கை வழிக்கு வந்தது.

சேட்டு வந்தபோது படத்தை நாற்காலியில் சாத்திவைத்திருந்தார். சேட்டு அதன் எதிரே நேராகப் போய் நிற்கவில்லை. வீட்டில் நின்று பழகிய இடம்போல, அந்த இடது கண் பார்க்கும் பக்கமாக ஓரடி தள்ளி நின்றார்.

முதல் படத்தோடு அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. இதைப் பார்த்ததும், "இன்னா தேவானை, சொல்லாம கொள்ளாம பூட்ட?" என்று கேட்டார்.