டாரா மானிஸ்

என் அக்காவின் கால் போனதற்குக் காரணம் நீ. காஜா பெராங் தெருவில் நாட்டு மருந்துக்கடை வைத்திருந்தவனே, உன்னைத்தான் சொல்கிறேன்.

நாட்டுக்குச் சுதந்திரம், மெர்டேக்கா, வந்த சமயம். அக்காவுக்கு ஐம்பதை நெருங்கும் வயது, புருஷன் செத்து வெகுகாலம். நானும் அவளும் ஒரே வீட்டில் இருந்தோம். ஓயாத தாகம், உடம்பு இளைத்துக்கொண்டே போனது. பெரியாஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, சர்க்கரை ஏறிக் கிடக்கிறது, தினமும் காலையில் வந்து ஊசி போட்டுக்கொள் என்றார்கள். குளித்து, நல்ல சேலை கட்டிக்கொண்டு போவாள். எங்கே போனாலும் அவள் அப்படித்தான். கொஞ்ச நாளில் முகம் தெளிந்தது.

உன் கடையைத் தாண்டித்தான் போக வேண்டும். என்ன விசேஷம் என்று ஒருநாள் கேட்டாய். "ரத்தத்துல இனிப்பு ஏறிருச்சாம்ண்ணே" என்றாள். தலைமுறை தலைமுறையாக மலாய் பேசும் கம்போங் செட்டிப் பெண்கள் இரண்டு பேர் சாமான் வாங்க நின்றார்கள். அவர்களுக்குத் தமிழ் வராது. நீ அவர்களைப் பார்த்துக் கண்ணடித்து, மலாயில் "டியா டாரா மானிஸ்" என்றாய்.

சொல்லுக்குச் சொல் சரிதான், அவள் ரத்தம் இனிப்பு. ஆனால் மலாய் பேசுகிற வீடுகளில் டாரா மானிஸ் என்றால் கல்யாணத்துக்கு நாள் குறித்த பெண். அவர்களோடு வருடக்கணக்கில் வியாபாரம் செய்த உனக்கு இது தெரியாதா?

மறுநாள் அவர்களில் ஒருத்தி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "காக், பிலா காவின்?" என்றாள். எப்போது கல்யாணம் என்று! நாள் குறித்தவள் இப்படி வெளியே சுற்றக் கூடாது என்று அக்கறையாகப் புத்தியும் சொன்னாள். பிறகு கோவிலில் நம் ஆட்களே சிரித்தார்கள். "அதான் தெனம் ஆஸ்பத்திரிக்கு ஓட்டமா? மாப்புள அங்க ஊசி போடுற டிரஸ்ஸராம்ல!"

அக்கா ஊசிக்குப் போவதை நிறுத்தினாள். வேறு வழியாகப் போகலாம் என்றேன். "எந்த வழியாப் போனாலும் ஆஸ்பத்திரிக்குத்தானடி போகணும்?" என்றாள்.

அந்தப் பெண்களிடம் நானே போய்ச் சொன்னேன். தங்கச்சி மூடி மறைக்கிறாள் என்று நினைத்தார்கள். அதனால்தான் உன் கடைக்கு வந்தேன். "நீங்களே நெசத்தச் சொல்லிருங்கண்ணே."

நீ தராசிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "டாரா மானிஸ்தானே தங்காச்சி? நான் என்ன பொய்யா சொன்னேன்? சும்மா வெளையாட்டுலா."

செருப்பு கடித்த இடம் புண்ணானது. ஆறவில்லை. கறுத்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அப்புறம் நீ வீட்டுக்கு வந்தாய், கையில் ஒரு டின் பிஸ்கட். சர்க்கரைக்காரிக்குப் பிஸ்கட்! கேலியைக் கடையில் நாலு பேர் முன்னால் செய்தவன், மன்னிப்பை மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டாய். அக்கா தலையாட்டினாள். நான் ஆட்டவில்லை. டின்னைச் சாக்கடையில் கவிழ்த்தேன்.

அக்கா போய்ச் சேர்ந்துவிட்டாள். கல்யாணம் ஒன்றும் நடக்காததால், சாகும்வரை அவளை யாரோ ஒருவனின் ஆசைநாயகி என்றுதான் இந்த ஊர் பேசியது. நீ கோவில் கமிட்டியில் மாலையோடு உட்கார்கிறாய். மைக் கிடைத்தால் விடமாட்டாய். இந்தத் திருவிழாவில் அதைப் பிடித்து, அவளுக்கு இருந்தது சர்க்கரை வியாதி என்று தமிழிலும் மலாயிலும் சொல். அந்தச் சொல்லுக்கு அர்த்தம் தெரிந்து சொன்னாயா, தெரியாமல் சொன்னாயா? நான் முன்வரிசையில் நிற்பேன். எல்லோர் முன்னாலும் பதில் சொல்.