பூப்பந்து கோச்சுக்காக நாங்கள் எழுதிய மனு

1975-ஆம் ஆண்டு சங்கராந்தி கழிந்த அடுத்த திங்கட்கிழமை, எங்கள் பணிமனையின் அறிவிப்புப் பலகையில் ஒரு சுற்றறிக்கை ஒட்டினார்கள். பூப்பந்து அணிக்கு ஓராண்டுக்கு ஒரு கோச் நியமிக்கப்படுவார். அவருக்கு மாலை மூன்று மணிக்கு மேல் பணிமனை வேலையிலிருந்து விலக்கு உண்டு. நான்கே வரி. நான் அப்போது மைசூரில் ஒரு ரயில்வே பணிமனையில் நேர அலுவலக குமாஸ்தா. யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், யார் வரவில்லை என்று எழுதிவைப்பது என் வேலை. மாலையில் அதே கையால் பூப்பந்து ஆட்டங்களுக்கு ஸ்கோர் எழுதுவேன். ஆகவே அந்த நாட்களில் நடந்தவை கிழமையோடு என் நாட்குறிப்பில் இருக்கின்றன. பேசிய பேச்சுகளை மட்டும் நினைவிலிருந்து எழுதுகிறேன். அவற்றில் பிசகு இருக்கலாம்.

பூப்பந்து என்றால் என்னவென்று இன்று சொல்லித்தான் தெரியவேண்டும். ஷட்டில் எனும் இறகுப்பந்து அல்ல. மஞ்சள் கம்பளி நூலைச் சுற்றிச் செய்த பந்து, மர மட்டை, பக்கத்துக்கு ஐந்து பேர், வெட்டவெளியில் செம்மண் தரை. முதலில் இருபத்தொன்பது புள்ளி எடுப்பவர்களுக்கு ஆட்டம். மைதானத்தின் மேற்கு ஓரம் கழித்துப்போட்ட தண்டவாள ஸ்லீப்பர் கட்டைகளை அடுக்கியிருப்பார்கள். பார்வையாளர்களுக்கு அதுதான் இருக்கை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், கட்டையில் இடம் வேண்டுமென்றால் சங்கு ஊதியதும் ஓடவேண்டும். எழுபத்தைந்தில் காலை நீட்டிக்கொண்டு உட்காரலாம். அணி மூன்று ஆண்டுகளாக முதல் சுற்றிலேயே தோற்றுவந்தது. அதற்காகத்தான் கோச்.

பதவிக்கு இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் எங்கள் ஃபிட்டர். தமிழக எல்லையோரத்துக் கௌதள்ளிக்காரர், நாற்பத்து மூன்று வயது, இடதுகை ஆட்டக்காரர். பல ஆண்டுகள் கேப்டனாக இருந்தவர். சுண்ணாம்புக் கோடு போடுவது, தரைக்குத் தண்ணீர் தெளிப்பது, மட்டையில் அறுந்த நரம்பைக் கட்டுவது, புதியவர்களுக்கு மட்டை பிடிக்கச் சொல்லித்தருவது எல்லாம் அவர்தான். யாரும் அவரை அதற்கு நியமித்ததில்லை. முந்தைய மே மாத ரயில்வே வேலைநிறுத்தத்தில் அவர் வேலை போனது; தீபாவளிக்குப் பிறகுதான் திரும்ப எடுத்தார்கள். சீனியாரிட்டி போய்விட்டது. அவரிடம் அரம் பிடிக்கக் கற்றவர்கள் இப்போது அவருக்கு வேலை சொன்னார்கள்.

சுற்றறிக்கையைப் பார்த்த அன்று என் ஜன்னலருகே வந்து நின்றார். "இந்தக் கோச் வேலை ஒண்ணு கெடச்சாப் போதுமுங்க" என்றார். "மூணு மணிக்கு மேல அவனுங்க மூஞ்சியப் பாக்க வேண்டாம். பாதி நாளாச்சும் மனுசனா இருக்கலாம்."

அந்த வேலைநிறுத்தத்தின்போது நான் வேலைக்குப் போனவன். அவர் பெயருக்கு நேரே நாள்தோறும் 'வரவில்லை' என்று எழுதியதும் நான்தான். அதைப் பற்றி அவர் ஒருநாளும் என்னிடம் பேசியதில்லை.

மற்றொருவர், பெங்களூரில் பயிற்சியாளர் டிப்ளமா முடித்துவிட்டு விளையாட்டு ஒதுக்கீட்டில் வந்து சேர்ந்திருந்த இளைஞர். மண்டியா பக்கத்துக் கன்னடக்காரர். கழுத்தில் விசில் இல்லாமல் நான் அவரைப் பார்த்ததில்லை.

வியாழக்கிழமை மாலை கட்டையில் பெரிய வாக்குவாதம். ஃபிட்டர் பக்கம் பேசியவர் ஓய்வுபெற்ற ரயில் கார்டு. ஒரு ஆட்டத்தையும் தவறவிடாதவர், தலையில் எப்போதும் மப்ளர். டிப்ளமா பக்கம் பேசியவர் கணக்குப் பிரிவுத் தலைமை குமாஸ்தா.

"டிப்ளமாவ மட்டையில கட்டி அடிப்பானா உன் ஆளு?" என்று ஆரம்பித்தார் கார்டு.

"கார்டு சார், உங்க காலத்துல கொடியக் காட்டினா வண்டி கிளம்பிடும். இப்ப எல்லாத்துக்கும் படிப்பு வேணும். அந்தப் பையன் ஃபிலிம் போட்டுப் பாத்துக் கத்துக்கிட்டு வந்திருக்கான், கொத்தா, தெரியுமா?"

"பூப்பந்துக்கு எவனப்பா ஃபிலிம் எடுத்தான்?"

"ஷட்டிலுக்கு எடுத்தது."

"அப்படி வா வழிக்கு! ரெண்டே மாசத்துல வலைய இறக்கிக் கட்டி, நம்ம பயலுங்க கையில இறகக் குடுத்துடுவான் பாரு."

"குடுத்தா என்ன சார் தப்பு? ஷட்டில்னா கூரைக்குக் கீழ ஆடலாம். காத்தடிச்சா பந்து பறக்காது, மழை பெஞ்சா தரை கரையாது. ஃபாரின் போகலாம். இதுல ஜெயிச்சு எங்க போறது? மிஞ்சினா அரசிக்கெரே ஜங்ஷனுக்குப் போலாம். ரேடியோவுல ஒருநாள், ஒரே ஒருநாள், நம்ம ஆட்டத்தப் பத்திச் சொல்லியிருக்கானா?"

"சொன்னா என்னன்னு சொல்வான்? மஞ்சப் பந்து அந்தப் பக்கம் போச்சு, இந்தப் பக்கம் வந்துச்சுன்னுதான் சொல்லணும்."

எல்லோரும் சிரித்தார்கள், தலைமை குமாஸ்தாவும் சேர்ந்து. அப்புறம் கார்டு குரலைத் தாழ்த்தி, "இத பாரு, ஆட்டம் போய்க்கிட்டுதான் இருக்கு. நான் இல்லைங்கல. போறதுக்குள்ள அந்த மனுஷனுக்கு ஒரு மரியாத செய்யணுமா வேண்டாமா?" என்றார்.

மனு எழுதுவது என்று முடிவாயிற்று. தலைமை குமாஸ்தா சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். பிறகு, "டிப்ளமாதான் சரின்னு எனக்கு இப்பவும் படுது. ஆனா அவர் பட்டது போதும். எங்க கையெழுத்துப் போடணும், சொல்லுங்க" என்றார்.

அங்கேதான் சிக்கல் வந்தது. வேலைநிறுத்தத்துக்குப் பிறகு, எந்தக் காகிதத்திலும் முதல் கையெழுத்துப் போட்டவரைத்தான் தலைவர் என்று பிடிப்பார்கள். யாரும் முதலில் போடத் தயாராயில்லை. ஆகவே ஒரு சாப்பாட்டு டப்பா மூடியைத் தாளில் கவிழ்த்து நான் வட்டம் வரைந்தேன். வட்டத்தைச் சுற்றி இருபத்திரண்டு பேர் கையெழுத்திட்டோம். முதலும் இல்லை, கடைசியும் இல்லை. கார்டு பென்ஷன்காரர். அவர் முதல் வரியில் போட்டிருந்தால் யாரும் ஒன்றும் செய்திருக்க முடியாது. அது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை, அவருக்கும்தான்.

மனுவின் வாசகம் என்னுடையது. இருபது ஆண்டு அலுவலகக் கடிதங்களில் பழகிய கை. தேதி இல்லாமல் அதற்கு ஒரு காகிதத்தை முடிக்கத் தெரியாது. ஃபிட்டரின் தகுதிகளைச் சொல்லிவிட்டு, ஆங்கிலத்தில் வழக்கமான வரியைச் சேர்த்தேன்: பிப்ரவரி பதினைந்தாம் தேதிக்குள் சாதகமான முடிவு தெரிவிக்க வேண்டும், தவறினால் மேற்கொண்டு நடவடிக்கை எடுக்கும் நிலைக்கு ஆளாவோம். பழுதான நாற்காலிக்கு மாற்று கேட்டும் இப்படித்தான் எழுதுவேன். வெள்ளிக்கிழமை காலை, நியமனம் செய்யும் உதவி மேலாளரின் அலுவலகத் தபால் பெட்டியில் போட்டோம். ஃபிட்டரிடம் சொல்லவில்லை. முடிவு வந்த பிறகு சொல்லி மகிழலாம் என்று நினைத்தோம்.

அடுத்த திங்கட்கிழமை பதினொரு மணிக்கு உதவி மேலாளர் ஃபிட்டரைக் கூப்பிட்டனுப்பினார். ஒரு மணி நேரத்துக்கு மேல் அவர் வெளியே வரவில்லை. மாலை மைதானத்துக்கு வந்தார். ஆனால் மட்டையைத் தொடவில்லை. நேரே என்னிடம் வந்தார்.

"அந்தக் காகிதத்த எழுதுனது ஆருங்க?"

"நான்தான்."

"பதினஞ்சாந் தேதி என்ன நடக்கப் போகுதுன்னு கேட்டாருங்க. எனக்குத் தெரியாதுன்னேன். அவர் நம்பல. மறுபடி ஸ்ட்ரைக்குக்கு ஆள் சேக்கறயான்னு கேட்டாருங்க. மூணு மாசங்கூட ஆகலீங்க என்னைத் திரும்ப எடுத்து. கோச்சு வேலைய விடுங்க. இருக்கற வேலைக்கே வந்துருச்சு."

நாட்குறிப்பில் அன்றைய பக்கத்தில் கிழமைக்குக் கீழே ஒன்றும் எழுதவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை ஐந்து ஸ்கோர் புத்தகங்களைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உதவி மேலாளரின் அறைக்குப் போனேன். அவர் மென்மையான மனிதர். "கூத்கொள்ளி, உட்காருங்கள்" என்று நாற்காலியைக் காட்டினார். மனு மேஜைமேல்தான் இருந்தது. வாசகம் என்னுடையது, வட்டமும் நான் வரைந்தது, ஃபிட்டருக்கு எதுவும் தெரியாது என்றேன்.

"போன ஏப்ரலில் இதேபோல வட்டமாகக் கையெழுத்திட்ட காகிதம் ஒன்று இந்த மேஜைக்கு வந்தது" என்றார். "அதிலும் ஒரு தேதி இருந்தது. இதைப் பார்த்ததும் நான் என்ன நினைப்பேன்? சொல்லுங்கள், பதினைந்தாம் தேதி என்ன செய்வதாக இருந்தீர்கள்?"

"நினைவூட்டுக் கடிதம் அனுப்புவதாக இருந்தோம் சார்."

"அதற்கும் பதில் இல்லையென்றால்?"

"இரண்டாவது நினைவூட்டு."

கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். பிறகு ஸ்கோர் புத்தகங்களை வாங்கிப் புரட்டினார். அவசரமில்லாமல் பார்த்தார். "இந்த மூன்று ஆண்டும் அணியைத் தேர்ந்தெடுத்தது யார்?" என்று கேட்டார். ஃபிட்டர்தான் என்றேன். பொய் சொல்ல முடியாது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அவர் கையெழுத்து இருந்தது. "தோற்றதும் அவர் அணிதானே?" என்றார். "ஆமாம் சார். ஆனால் பத்துப் பேரிலிருந்து ஐந்து பேரை எடுத்த காலம் போய், ஆறு பேரிலிருந்து எடுக்கவேண்டி வந்துவிட்டது" என்றேன். தலையை ஆட்டினார்.

பிறகு கோப்பைத் திறந்து என் பக்கம் திருப்பினார். அவர் கையெழுத்தில் ஒரு குறிப்பு: கோச்சாக ஃபிட்டரை நியமிக்கலாம். நாங்கள் மனு எழுதினோமே, அதே வியாழக்கிழமையின் தேதி.

"சனிக்கிழமை டைப்புக்குப் போகவேண்டிய காகிதம் இது. அதற்குள் உங்கள் மனு வந்துவிட்டது. கெடு போட்ட மனு என்பதால் நகலை மேலிடத்துக்கு அனுப்பியே ஆகவேண்டியிருந்தது. இப்போது அவரைப் போட்டால் மிரட்டி வாங்கியதாகத்தான் படிப்பார்கள். எனக்கு ஒன்றுமில்லை, நாளைக்கு அவருக்குத்தான் ஆபத்து." கோப்பை மூடி, "இது விளையாட்டு விஷயம் மட்டுமே என்று விளக்கம் எழுதிவிடுகிறேன். அவர் வேலைக்கு ஒன்றும் வராது. அதற்குமேல் என்னால் முடியாது" என்றார்.

புதன்கிழமை சங்கு ஊதியபின், கை கழுவும் தொட்டியருகே ஃபிட்டரைப் பிடித்தேன். பஞ்சுக் கழிவால் விரல்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். ஆபத்து நீங்கியதை முதலில் சொல்லிவிட்டு, கோப்பில் இருந்த குறிப்பைச் சொல்லாமல் விடலாமா என்று வழியெல்லாம் யோசித்தேன். மறைத்தால் இன்னொரு தப்பாகும் என்று அதையும் சொன்னேன்.

துடைப்பதை நிறுத்தினார். "எம்பேர அவரே எழுதியிருந்தாருங்களா?"

"ஆமாம்."

"நம்ம கேக்கறதுக்கு முன்னாலயே?"

"ஆமாம்."

"அது போதும்னு சொல்ல மாட்டேனுங்க. போதாது. எனக்கு அந்த வேல வேணும்னு இருந்துச்சு" என்றார். பிறகு, "மே மாசம் எனக்கு ஆப்சென்ட் போட்டீங்க. அப்ப நான் ஒண்ணுமே கேக்கல. டைம் ஆபீஸ்காரரு டைம் எழுதாம என்ன செய்வாரு? ஆனா இது என்மேல பிரியத்துல எழுதுனது. இதுக்கு நான் ஆரப் போயிக் கேக்கறது?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அந்த வார இறுதியில் டிப்ளமா இளைஞரின் நியமன உத்தரவு பலகைக்கு வந்தது. கட்டையில் கார்டு எழுந்து நின்று, இனி யாரும் மைதானத்துப் பக்கம் தலைகாட்டக் கூடாது என்று அறிவித்தார். தலைமை குமாஸ்தாகூட மறுக்கவில்லை. அன்றைக்கு ஃபிட்டர் உரக்கப் பேசியதை முதல்முறையாகக் கேட்டேன்.

"இருக்கறதே இருவது பேருங்க! நீங்களும் வரலீன்னா இங்க மாடு மேய்க்க வேண்டியதுதான். அந்தப் பையன் என்ன பண்ணுனான்? நீங்க எழுதுன காகிதத்துக்கு அவனா பொறுப்பு? திங்கக்கெழம அத்தன பேரும் இங்க இருக்கோணும், ஆமா."

திங்கட்கிழமை அத்தனை பேரும் இருந்தோம். புதிய கோச் விசில் ஊதி, மைதானத்தை நான்கு சுற்று ஓடிவிட்டு வந்தால்தான் மட்டை என்று சொன்னார். பூப்பந்துக்காரர்கள் ஓடி நாங்கள் பார்த்ததில்லை. ஃபிட்டரும் மற்றவர்களோடு வரிசையில் நின்றார். கோச் தயங்கி அவரருகே போய், "நீவு பேட சார், வேண்டாம், நீங்க உக்காருங்க" என்று பாதிக் கன்னடமும் பாதித் தமிழுமாகச் சொன்னார்.

"எல்லாத்துக்கும் நாலுன்னா எனக்கும் நாலுதானுங்க" என்று சொல்லிவிட்டு ஓட ஆரம்பித்தார்.

மற்ற ஐந்து பேரும் முடித்துவிட்டு நின்றபோது அவர் மூன்றாவது சுற்றில் இருந்தார். வலது முழங்கால் மடங்கவில்லை. காலை வீசி வீசி வந்தார். எங்களைக் கடக்கும்போது கார்டு தாங்கமாட்டாமல் எழுந்து, "நாலு! முடிஞ்சுது! வந்து உக்காருப்பா!" என்று கத்தினார்.

"மூணுதானுங்க" என்றார் ஃபிட்டர், மூச்சு வாங்க. "டைம் ஆபீஸ்காரரக் கேளுங்க."

கார்டு என்னைப் பார்த்தார். கோச்சும் பார்த்தார்.

"மூன்றுதான்" என்றேன்.

ஃபிட்டர் நிற்காமல் திருப்பத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்.