இடப்பக்கத் துப்பாக்கி

பக்கிரிசாமிக்கு ஐம்பத்தெட்டு வயது. சனிக்கிழமை மதியமானால் மனிதர் தேயிலை எஸ்டேட்டிலிருந்து மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பிரிஞ்சாங் டவுனுக்குப் போய்விடுவார். காய்கறி வாங்கவா, கோயிலுக்கா? பூதம் சுட! லயத்து வீடுகளில் அவரைப் பார்த்துச் சிரிக்காத ஆள் கிடையாது. சிரித்துவிட்டுப் போகட்டும்.

புனிதனின் வீடியோ விளையாட்டுக் கடையில் எத்தனையோ புது மெசின்கள் வந்து போய்விட்டன. பூதம் சுடும் அந்தப் பழைய பெட்டி மட்டும் இருபது வருடமாக நிற்கிறது. அதில் கதையும் கிடையாது, கத்தரிக்காயும் கிடையாது. பூதம் வரும், சுட வேண்டும், விட்டால் கடிக்கும். சுட்டால் செத்துவிடும். வாழ்க்கையில் வேறு எது இப்படிச் சொன்ன பேச்சைக் கேட்கிறது?

பெட்டியில் இரண்டு துப்பாக்கிகள். வலது அவருக்கு, இடது அவர் மனைவி பவளத்துக்கு. வேலையிலும் அப்படித்தான். தேயிலை வெட்டும் மெசினை நிரைக்கு இந்தப் பக்கம் அவரும் அந்தப் பக்கம் அவளுமாக ஆளுக்கொரு முனை பிடித்து நடப்பார்கள். அவரவர் பக்கத்தை அவரவர் பார்த்துக்கொள்ள வேண்டும். கண் நகர்ந்தால் மெசின் சாய்ந்து கொழுந்து பாழாகிவிடும்.

அந்தப் பாழாய்ப்போன பழக்கத்தில் அவள் மார்பில் கட்டி வளர்ந்ததையும் அவர் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது காலம் கடந்துவிட்டது. கட்டிலில் கிடந்தவள் ஒன்றுதான் கேட்டாள்.

"கடைசி பூதத்த நாம பாத்ததே இல்லலா. நீங்களாச்சும் சுட்டுட்டு வந்து சொல்லுங்க."

வந்து சொல்வதற்குள் போய்விட்டாள். எட்டு மாதமாகிறது. வாரந்தோறும் இரண்டு பேருக்கும் டோக்கன் போட்டு, வலது துப்பாக்கியால் மட்டும் சுடுவார். இடப்பக்கத்துப் பூதங்கள் வந்து கதையை முடித்துவிடும். அந்தப் பக்கம் அவர் கண் போகவே போகாது.

இந்தச் சனிக்கிழமை புனிதன் தயங்கித் தயங்கிச் சொன்னான். "அண்ணே, திங்கக்கிழமை இந்தப் பெட்டியத் தூக்கப் போறோம்."

அப்படியானால் இன்று முடித்தாக வேண்டும். பக்கிரிசாமி முதல்முறையாகப் பவளத்தின் துப்பாக்கியை இடது கையில் எடுத்தார். பூதம் வந்தது. விசையை அழுத்தினார், அசையவில்லை. இரண்டு விரல் போட்டு அழுத்தியபோதுதான் வெடித்தது.

"இது எப்ப கெட்டுச்சு, புனிதா?"

"அது ரொம்ப வருசமாவே அப்படித்தாண்ணே. சாமான் கெடைக்கல. பக்கம் மாறிக்குங்கன்னு அக்காகிட்டச் சொன்னேன். 'தெரிஞ்சா அவரு இத எடுத்துக்கிட்டு நல்லத எனக்குக் குடுத்துருவாரு, சொல்லிராதே'ன்னாங்க."

பக்கிரிசாமி வலது துப்பாக்கியைக் கீழே போட்டார். இரண்டு கையாலும் அவளுடையதைப் பிடித்து, அழுதுகொண்டே இடப்பக்கத்துப் பூதங்களை ஒன்று விடாமல் சுட்டார். வலப்பக்கத்துப் பூதங்கள் வந்து கடித்துக்கொண்டே இருந்தன. அவர் திரும்பவில்லை.

கடைசிப் பூதத்தை அவரும் பார்க்கவில்லை.