கொளுத்தும் வெயிலில் ரெயின்கோட்

போன வருடம் கோடை விடுமுறையில் பெங்களூரில் சிறுவர் ஜூடோ போட்டி ஒன்று நடந்தது. ஈஜிபுராவில் எங்கள் தெருவிலேயே பயிற்சி எடுக்கும் என் பதினொரு வயது மகளும் அதில் சேர்ந்திருந்தாள்.

எடை பார்ப்பதற்குச் சற்று முன்னால் மைதானத்துக்குப் போனால், நல்ல வெயிலில் சில பிள்ளைகள் ரெயின்கோட் மாட்டிக்கொண்டு ஓடுகிறார்கள். அதில் என் மகளும் ஒருத்தி. உதடு வெளுத்திருந்தது.

"அவ எடைப் பிரிவுக்கு அரை கிலோ கூட இருக்கா சார். வேர்த்தா இறங்கிடும். அதுவரைக்கும் தண்ணி மட்டும் குடுத்துடாதீங்க" என்றார் ஜூடோ மாஸ்டர்.

ஆபீஸில் மேனேஜர் தும்மினாலே எழுந்து நிற்கிற வீரன் நான். எதிர்த்துப் பேசுவதற்குப் பதில், பதற்றத்தில் கோமாளித்தனம்தான் வந்தது. "அப்போ எனக்குத்தான் மாஸ்டர் ரொம்ப அவசரம்" என்று தொப்பையைத் தட்டிக் காட்டி, ஸ்கூட்டரிலிருந்த என் ரெயின்கோட்டை மாட்டிக்கொண்டு பிள்ளைகளோடு ஓடினேன். எல்லோரும் சிரித்தார்கள். ஒரு சுற்று முடிவதற்குள் இட்லிப் பானைக்குள் உட்கார்ந்தது போல வெந்துவிட்டேன். கண் இருட்டி, அப்படியே தரையில் சாய்ந்தேன்.

மகள் குனிந்து பார்த்தாள். "எனக்கும் இப்படித்தாம்பா இருக்கு" என்றாள் மெதுவாக.

அவ்வளவுதான். "தண்ணி கொண்டாங்க! போட்டியும் வேணாம், ஒண்ணும் வேணாம்!" என்று நான் போட்ட கீச்சுக்குரல் கூச்சலில் அம்மாக்கள் ஓடி வந்தார்கள். ஒருவர் தன் மகனின் கோட்டை உரித்தபடியே, "எம்புள்ள என்ன வேர்க்கடலையா மாஸ்டர், வறுத்தெடுக்க?" என்று பிடித்துக்கொண்டார். சத்தம் கேட்டு வந்த பெண் நடுவர், "மொதலு நீரு கொடி!" என்று, முதலில் தண்ணீர் கொடுக்கச் சொல்லிக் கன்னடத்தில் அதட்டினார். பிள்ளைகள் மடக் மடக்கென்று குடித்தார்கள். இன்னும் எடை பார்க்காததால், எல்லோரையும் அடுத்த எடைப் பிரிவுக்கு அவரே மாற்றினார்.

"பெரிய பசங்ககிட்ட மாட்டி விட்டுட்டீங்களே சார்" என்று முணுமுணுத்தார் மாஸ்டர். எதிரே வந்த பெண் என் மகளைவிட ஒரு தலை உயரம். கண்ணை இறுக மூடிக்கொண்டேன். 'தொம்'மென்று சத்தம். போச்சு என்று கண்ணைத் திறந்தால், மல்லாந்து கிடந்தது அந்த உயரப் பெண்; கைகொடுத்துத் தூக்கிக்கொண்டிருந்தாள் என் மகள்!

அடுத்த ஆட்டத்தில் தோற்றாள். "தோத்தாலும் தெம்பா தோத்தேன்பா, மசால் தோசை வாங்கிக் குடு" என்றாள்.

எடைக்காகப் பட்டினி போடுவதோ, தண்ணீரை நிறுத்துவதோ இனி கூடாது என்று அம்மாக்கள் அந்த வாரமே பயிற்சிக் கூடத்தில் சொல்லிவிட்டார்கள், மாஸ்டரும் ஒப்புக்கொண்டார். இன்றும் பயிற்சிக்கு நடுவே ஏதாவது ஒரு பிள்ளை யாரையும் கேட்காமல் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தால், வாழ்க்கையில் ஒரு போட்டியிலாவது நானும் ஜெயித்துவிட்டேன் என்று நெஞ்சு நிமிர்கிறது.